நாடாவும் கட்டையும்: ஜீன்ஸுக்குத் துணையான பூட்ஸின் வரலாறு

ஜீன்ஸுடன் அணிவதற்கு வசதியான, நாடா கட்டும் பூட்ஸ் எது என்னும் கேள்வி பொதுவாகக் கடைக்காரரிடம் கேட்கப்படுவது. வரலாற்றிடம் எவரும் கேட்பதில்லை. கடைக்காரர் நிறங்களைக் காட்டுவார், தோலைத் தடவிப் பார்க்கச் சொல்வார், சுண்டுவிரல் நசுங்குகிறது என்றால் 'போடப் போடச் சரியாகிவிடும் சார்' என்பார். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நாம் இங்கே ஆராய எடுத்துக்கொள்கிறோம். புதுக் காலணி கடிக்கத்தான் செய்யும், கால்தான் அதற்குப் பழகிக்கொள்ள வேண்டும் என்பது உலகெங்கும் பரவிய நம்பிக்கை. அதற்கு ஒரு வீரக்களையும் ஏறியிருக்கிறது; கனத்த பூட்ஸை இரத்தம் கசியப் பழக்கியதாகப் பெருமை பேசும் இளைஞர்களை எந்த நாட்டிலும் காணலாம். ஆனால் இந்தப் பூட்ஸையும் இந்தக் கால்சட்டையையும் முதலில் அணிந்தவர்கள் பெருமைக்காக அணியவில்லை. நின்றும் நடந்தும் பிழைத்தவர்கள் அவர்கள். கால் புண்பட்டால் அன்றைய கூலி போய்விடும் என்றிருந்தவர்களுக்கு வசதி என்பது சொகுசன்று. அவர்களுடைய கால்களைப் பற்றி யார், எப்போது கவலைப்பட்டார்கள் என்று தேடிப்போனால், எந்த ஜோடியை வாங்குவது என்ற சில்லறைக் கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது.

சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லது. தமிழ்நாட்டில் பூட்ஸ் என்றால் பள்ளிப்பிள்ளையின் கறுப்புக் காலணி முதல் படைவீரனின் கனத்த காலணி வரை எல்லாமே அடங்கிவிடும். ஆங்கிலப் பன்மையை ஒருமையாக எடுத்துக்கொண்டு 'ஒரு பூட்ஸைக் காணோம்' என்று நாம் கூசாமல் சொல்கிறோம். இலங்கைத் தமிழர் போர்த்துக்கீசியரிடமிருந்து பெற்ற சப்பாத்து என்ற சொல்லை வைத்திருக்கிறார்கள். செவிக்கு அதுவே இனிமையாக இருக்கிறது. இக்கட்டுரையில் பூட்ஸ் என்பது கணுக்காலை மூடுவதும், முன்புறம் நாடாவால் இறுக்கிக் கட்டுவதுமான காலணியை மட்டுமே குறிக்கும்.

2008இல் ஆர்மீனியாவின் வயோட்சு சோர் பகுதியில், அரெனி-1 என்று பெயரிடப்பட்ட குகையில் தோல் காலணி ஒன்று கண்டெடுக்கப்பட்டது. வலது காலுக்கானது. காலம் ஏறத்தாழ கி.மு. 3500. ஒரே மாட்டுத்தோல் துண்டைக் காலைச் சுற்றி மடித்து, முன்னும் பின்னும் துளையிட்டு, தோல்வாரைக் கோத்து இறுக்கியிருக்கிறார்கள். உள்ளே புல் திணிக்கப்பட்டிருந்தது. ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த, ஓட்சி என்றழைக்கப்படும் மனிதனும் ஏறத்தாழ அதே ஆயிரத்தாண்டைச் சேர்ந்தவன். அவன் காலணியிலும் கட்டும் வார் உண்டு, உள்ளே உலர்ந்த புல் உண்டு. அரெனிக் காலணிக்குத் தனியாக அடிப்பகுதி கிடையாது, குதி கிடையாது. நாடா மட்டும் இருக்கிறது. நாடா அடித்தோலுக்கு மூத்தது என்று சொல்லத் தோன்றுகிறது.

இந்த மூப்புக்குக் காரணம் உண்டு. மனிதப் பாதம் ஒரே அளவில் நிற்பதில்லை. காலையில் ஓர் அளவு, நாள் முழுதும் நின்றபின் மாலையில் வேறோர் அளவு. தூக்கி வைத்திருக்கும்போது ஒரு வடிவம், உடலின் எடையைத் தாங்கும்போது மற்றொரு வடிவம். மேற்பாதத்தின் மேடும் ஆளுக்கு ஆள் மாறும். விறைத்த தோலுக்கு இந்த மாற்றங்கள் எதுவும் தெரியாது. தெரிந்தது நாடாவுக்குத்தான். காலணியின் உறுப்புகளில் அணிபவன் ஒவ்வொரு நாளும் தன் கையால் திருத்தக்கூடியது அது ஒன்றே.

நாடாவால் ஆகாத காரியமும் இருந்தது. அது கட்டையைப் பற்றியது. காலணி செய்வதற்குப் பாத வடிவில் செதுக்கிய மரக்கட்டை ஒன்று வேண்டும். அதன்மேல்தான் தோலை இழுத்துப் பொருத்துவார்கள். பூட்ஸின் உள்வடிவம் என்பது இந்தக் கட்டையின் வடிவமே. ஐரோப்பாவில் 1600களின் தொடக்கத்தில் உயர்ந்த குதி பரவலானபின், இடம் வலம் என இரண்டு கட்டைகள் செதுக்கும் வழக்கம் கிட்டத்தட்ட மறைந்தே போயிற்று. 1800 வரையிலும், பல இடங்களில் அதற்குப் பின்னும், காலணிகள் நேர்க்கட்டையில்தான் செய்யப்பட்டன. இடது வலது வேறுபாடு கிடையாது. எந்தக் காலிலும் எதையும் மாட்டலாம். ஒரே கட்டையில் இரண்டும் செய்வது மலிவு. அதன் விலையை விரல்கள் கொடுத்தன. தேய்வது ஒருசீராக இருக்கட்டும் என்று இரண்டையும் நாள்தோறும் மாற்றி மாற்றி அணியுமாறு படைவீரர்களுக்கு உத்தரவிட்ட காலமும் உண்டு. தோல் சற்றே பாத வடிவுக்கு இளகிவரும்போது மறுநாள் அது எதிர்க்காலுக்குப் போய்விடும். காலைப் பழக்குவது என்ற தத்துவத்தின் உச்சம் இதுவே.

இதை எதிர்த்து எழுந்த முதற்குரல்களில் ஒன்று டச்சு உடற்கூற்றியல் அறிஞர் பெத்ரஸ் காம்பருடையது. காலணியின் சிறந்த வடிவம் எது என்று 1781இல் அவர் ஒரு சிறுநூல் எழுதினார். பெரும் அறிஞர் ஒருவர் இத்தகைய அற்பப் பொருளில் இறங்கலாமா என்று அக்காலத்தவர் வியந்திருப்பார்கள். இன்று அந்நூலைப் போற்றுபவர் பலர். அடுத்து 1850களில் சூரிச் நகரத்து ஹெர்மன் ஃபொன் மேயர், பெருவிரல் தன் நேர்கோட்டில் நிற்கவேண்டும், காலணியின் உட்புற விளிம்பு அதை வெளிப்புறமாக நெருக்கக் கூடாது என்று கோடு வரைந்தே காட்டினார். கேட்பவர்கள் அதிகம் இருக்கவில்லை. கூர்முனைக் காலணி நாகரிகத்தின் அடையாளமாக இருந்த காலம் அது.

இதற்கிடையில் நாடா கட்டும் முறையில் ஒரு பிரிவு உண்டாயிற்று. கடையில் நிற்பவருக்கு இன்றும் பயன்படும் பிரிவு இது. நெப்போலியனை எதிர்த்துப் போரிட்ட புருசியத் தளபதி ப்ளூஷரின் பெயரால் ஒரு வகை வழங்குகிறது. அதில் நாடாத் துளைகளைத் தாங்கும் இரண்டு தோல்மடல்களும் கீழ்ப்பகுதியில் தைக்கப்படாமல் புத்தகத்தின் இரு அட்டைகளைப் போல விரியும். மற்றது, ஸ்காட்லாந்திலுள்ள விக்டோரியா அரசியின் அரண்மனைப் பெயரால் வழங்கும் பால்மோரல். அதில் மடல்கள் கீழே மூடித் தைக்கப்பட்டிருக்கும். பார்வைக்கு ஒழுங்காகவும் மெலிதாகவும் தெரியும், ஆனால் ஓரளவுக்குமேல் விரியாது. வேலைக்காரர்களின் பூட்ஸ் பெரும்பாலும் முதல்வகையைப் பின்பற்றியதில் வியப்பில்லை. மேற்பாதம் மேடானவர்கள், மாலையில் கால் வீங்குபவர்கள், தடித்த காலுறை அணிபவர்கள் ஆகியோருக்கு விரியும் மடலே உகந்தது. ஜீன்ஸுக்குப் பக்கத்தில் பால்மோரல் சற்று விருந்தாளியைப் போலவே நிற்கிறது என்பது நம் கருத்து, மாறுபடுபவர்கள் மன்னிக்க.

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவில் கட்டையையும் தையலையும் இயந்திரம் கைப்பற்றியது. துப்பாக்கியின் மரப்பிடியைச் செதுக்குவதற்காகத் தாமஸ் ப்ளான்சர்டு 1819 வாக்கில் உருவாக்கிய கடைசல் இயந்திரம், ஒழுங்கற்ற எந்த வடிவத்தையும் அப்படியே படியெடுக்கவல்லது. அது பாதக்கட்டைகளையும் செதுக்கத் தொடங்கியபின் இடம், வலம், பல அளவுகள் என்பவை மலிவாகச் சாத்தியமாயின. 1858இல் லைமன் ப்ளேக் அடித்தோலைத் தைக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார்; மக்கே என்பவர் அதை வாங்கி மேம்படுத்த, 1861-65 உள்நாட்டுப் போரில் வடபுலப் படைகளின் காலணிகள் அதில் தைக்கப்பட்டன. 1870களில் சார்லஸ் குட்இயர் ஜூனியரின் பெயரால் வந்தது வெல்ட் முறை. மேல்தோலைச் சுற்றி ஒரு தோல்பட்டையைத் தைத்து, அடித்தோலை அந்தப் பட்டையோடு மட்டும் தைப்பது அதன் உத்தி. அடித்தோல் தேய்ந்தால் பட்டைத் தையலைப் பிரித்துப் புதிதாக மாற்றிக்கொள்ளலாம். காலின் வடிவுக்கு இளகிய மேல்தோலும் உட்தோலும் அப்படியே இருக்கும். பழகிய பூட்ஸைக் காப்பாற்றிக்கொள்ள இதுபோன்ற வழி வேறில்லை.

இந்த வரிசையில் நாம் சற்று நின்று வணங்கவேண்டியவர் யான் மாட்சலிகர். டச்சு கயானாவின் பாராமாரிபோவில் 1852இல் பிறந்த கறுப்பர். மாசசூசெட்ஸின் லின் நகரக் காலணித் தொழிற்சாலைக்குப் பிழைக்க வந்தவர். தோலைக் கட்டைமேல் இழுத்து, மடித்து, ஆணியடிக்கும் வேலை எந்த இயந்திரத்துக்கும் வராது, அது எங்கள் விரல்களுக்கு மட்டுமே வரும் என்று கைவினைஞர்கள் இறுமாந்திருந்தார்கள். தேர்ந்தவர் ஒரு நாளில் ஏறத்தாழ 50 ஜோடி முடிப்பார். இரவுகளில் கிடைத்த தகரத்தையும் மரத்துண்டுகளையும் வைத்து மாதிரி செய்து, 1883இல் காப்புரிமை பெற்ற மாட்சலிகரின் இயந்திரம் நாளொன்றுக்கு 700 ஜோடி வரை முடித்தது. ஏழைகளுக்கும் கட்டுபடியாகும் விலையில் தோல் பூட்ஸ் கிடைக்கத் தொடங்கியதில் அந்த இயந்திரத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1889இல், நாற்பது வயதுகூட நிரம்பாமல் காசநோயில் அவர் இறந்தார்.

ஆயினும் விலை குறைந்ததே தவிர வடிவம் திருந்தவில்லை. ஆயிரக்கணக்கில் செதுக்கப்பட்டதும் பழைய நெருக்கமான கட்டைதான். திருத்தம் வந்தது எட்வர்டு லைமன் மன்சன் என்ற அமெரிக்கப் படை மருத்துவரால். இவரது தலைமையில் இயங்கிய படைக்காலணிக் குழு சில ஆண்டுகள் உழைத்து, ஏறத்தாழ இரண்டாயிரம் வீரர்களின் பாதங்களை ஆராய்ந்தது. முடிவுகள் 1912இல் 'படைவீரனின் பாதமும் படைக் காலணியும்' என்று பொருள்படும் தலைப்பில் நூலாயின. உள்விளிம்பு நேராகவும் முன்புறம் விரல்கள் பரவ இடமுள்ளதாகவும் அமைந்த மன்சன் கட்டையை அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்டது. நம் கவனத்தை ஈர்ப்பது கட்டையைவிட அளவெடுத்த விதம். உட்கார வைத்து அளப்பதில்லை. வீரனின் முதுகில் 40 பவுண்டு சுமையை ஏற்றி, உடல் எடை முழுவதையும் ஒரே காலில் தாங்கி நிற்கச் செய்து, அந்தக் காலை அளக்கவேண்டும் என்றார் மன்சன். சுமையின்கீழ் பாதம் நீள்கிறது, அகல்கிறது. அந்த அகன்ற பாதத்துக்குத்தான் பூட்ஸ் பொருந்த வேண்டும். கால் பழகும்வரை காத்திருப்பது தீர்வல்ல என்று ஒரு படையே எழுத்தில் ஒப்புக்கொண்ட தருணம் இது. கருணை என்று இதை மிகைப்படுத்தவேண்டியதில்லை. கால் கொப்புளித்த வீரன் அணிவகுப்புக்கு உதவமாட்டான் என்ற கணக்குதான் அடிப்படை. ஆனால் முதல் உலகப்போர் முடிந்து வீடு திரும்பியவர்கள் அந்த வடிவைக் கேட்டு வாங்கினார்கள். 'மன்சன் கட்டை' என்ற சொல்லே 1920களின் விற்பனைப் பட்டியல்களில் விளம்பர வாசகமாயிற்று.

அதே போரில் பிரித்தானியப் படையின் பூட்ஸுக்கு மேல்தோல் எங்கிருந்து போயிற்று என்று பார்த்தால், கோடு நேராக நம் ஊருக்கு வந்து சேர்கிறது. சென்னை மாகாணத்திலிருந்து 'ஈஸ்ட் இந்தியா கிப்ஸ்' என்ற வணிகப் பெயரில் லண்டன் சந்தைக்குப் போன சிறுமாட்டுத் தோல்கள் அவை. ஆவாரம்பட்டையில் ஊறவைத்து, கடுக்காயில் முடித்துப் பதனிடப்பட்டவை. போர்க்காலத்தில் இந்திய அரசு இந்த வணிகத்தைத் தன் கட்டுப்பாட்டில் எடுத்து, தகுதியான தோல்களை இங்கிலாந்தின் போர்த்துறைக்காக வாங்கி அனுப்பியது. இதற்குச் சற்று முன்பே, 1903இல், ஆல்ஃபிரடு சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் குரோமியப் பதனிடுதலைச் சோதித்துப் பார்க்கத் தொடங்கியிருந்தார். பட்டையில் பதனிட்ட தோல் முதலில் விறைப்பாக இருந்து மெல்லக் காலின் வடிவை நினைவில் கொள்ளும். குரோமியத் தோல் முதல் நாளே மென்மையாக இருக்கும், நீரைச் சற்று நன்றாகத் தாங்கும். இன்றைய பூட்ஸ்களில் மேல்தோல் பெரும்பாலும் குரோமியம், நல்லவற்றில் உட்தோல் மட்டும் பட்டை. முதல் நாளின் அந்த மென்மைக்குப் பாலாற்றங்கரை கொடுத்த விலையையும் குறிப்பிடாமல் போவது நியாயமாகாது. இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்துத் தோல் ஆலைகளின் கழிவு நிலத்தையும் கிணறுகளையும் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு செய்யவேண்டும் என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் அழுத்தமாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான்.

நிற்க. கால்சட்டைக்கு வருவோம். அதன் கதை பலமுறை சொல்லப்பட்டது, விரைந்து கடக்கலாம். நெவாடாவின் ரீனோ நகரத் தையற்காரர் ஜேக்கப் டேவிஸ், கூலிகளின் கால்சட்டைப் பைகள் கிழியாதிருக்கச் செப்பு ஆணிகளை அடித்தார். துணி வணிகர் லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து 1873 மே 20இல் காப்புரிமை பெற்றார். 501 என்ற எண் 1890 வாக்கில் வந்தது. சுரங்கத் தொழிலாளி, மரம் வெட்டுபவர், மாடு மேய்ப்பவர், இரயில்பாதை போடுபவர் ஆகியோரின் உடை. இதே ஆட்களின் கால்களில்தான் நாடா கட்டிய பூட்ஸ் இருந்தது. மாடு மேய்ப்பவர் மட்டும் நாடா இல்லாத உயர்ந்த பூட்ஸ் அணிந்தார். ஆகவே ஜீன்ஸும் பூட்ஸும் சேர்வது ஒருவர் கண்டுபிடித்த அழகியல் அன்று. ஒரே உடலில் ஒரே வேலைக்காக ஏறியவை அவை. வேடிக்கை என்னவெனில், இந்த இணையை உலக இளைஞர்களுக்குக் காட்டிய 'தி வைல்டு ஒன்' திரைப்படத்தில் (1953) மார்லன் பிராண்டோ அணிந்திருப்பது நாடா இல்லாத, வார்ப்பூட்டு வைத்த பூட்ஸ். அந்த நிழலில் நாடா பூட்ஸ் வேலைத்தளத்திலேயே தங்கிவிட்டது. மின்னசோட்டாவில் 1905இல் தொடங்கிய ரெட் விங் நிறுவனம் 1952இல் 877 என்ற எண்ணில், தட்டையான வெண்ணிற மிருது அடிப்பகுதியுடன் ஒரு பூட்ஸ் வெளியிட்டது. வேட்டைக்காரர்களுக்காகச் செய்தது. நாள் முழுதும் கான்கிரீட்டின்மேலும் இரும்புச் சட்டங்களின்மேலும் நிற்கும் கட்டடத் தொழிலாளர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். பிற்காலத்தில் ஜப்பானிய இளைஞர்கள் அதைச் சாயம் வெளுக்காத ஜீன்ஸுடன் கொண்டாடினார்கள்.

ஐரோப்பாவில் கதை ஒரு முறிந்த காலில் தொடங்குகிறது. ஜெர்மானியப் படை மருத்துவர் கிளாவுஸ் மேர்ட்டென்ஸ் 1945இல் பவேரிய மலையில் பனிச்சறுக்கில் காலை முறித்துக்கொண்டார். படை கொடுத்த பூட்ஸ் அந்தக் காலுக்கு ஒத்துவரவில்லை. மென்மையான தோலும், காற்றறைகள் கொண்ட இரப்பர் அடிப்பகுதியுமாகத் தமக்கொரு ஜோடியைத் தாமே செய்துகொண்டார். நண்பர் ஹெர்பர்ட் ஃபுங்க்குடன் சேர்ந்து 1947இல் சேஸ்ஹாப்ட் என்ற ஊரில் தொழில் தொடங்கினார். கைவிடப்பட்ட விமானப்படைக் கிடங்குகளின் இரப்பர்தான் மூலப்பொருள். முதற் பத்தாண்டில் இவற்றை வாங்கியவர்களில் மிகப் பெரும்பான்மையோர் நாற்பதைக் கடந்த பெண்கள்! பின்னாளில் கலகக்கார இளைஞர்களின் சின்னமாகப் போகும் ஒரு காலணி, நாள் முழுதும் நின்று கால் நொந்த இல்லத்தரசிகளால் வளர்க்கப்பட்டது என்பதை நாடாக் காலணிகளின் புகழ்பாடிகள் சொல்வதேயில்லை. நார்தாம்ப்டன்ஷயரின் வோலஸ்டன் கிராமத்து கிரிக்ஸ் குடும்பம் உரிமை வாங்கி, மஞ்சள் தையல் சேர்த்து, எட்டுத் துளைகளுடன் வெளியிட்ட நாள் 1960 ஏப்ரல் 1. அந்த நாளே 1460 என்று அதற்குப் பெயராயிற்று. அஞ்சற்காரர்களும் ஆலைத் தொழிலாளர்களும் வாங்கினார்கள்.

1960களின் இறுதியில் லண்டன் தொழிலாளர் குடியிருப்புகளின் ஸ்கின்ஹெட் இளைஞர்கள் இவற்றை எடுத்தார்கள். பூட்ஸ் முழுதாகத் தெரியும்படி ஜீன்ஸின் விளிம்பை உயர்த்திக் கட்டியது அவர்கள் வழக்கம். ஜமைக்கக் கறுப்பர்களின் இசைக்கு ஆடிய அதே கால்கள், கிழக்கு லண்டனில் தெற்காசியக் குடியேறிகளை உதைக்கவும் செய்தன. எல்லாரும் அல்லர் எனினும், 1970இன் அச்சத்தை அங்கு வாழ்ந்த நம்மவர் பலர் மறக்கவில்லை. அந்த ஆண்டுகளில் விடுமுறை நாள்களில் கடற்கரை ஊர்களுக்குக் கும்பலாக வந்திறங்கிய இளைஞர்களைக் காவலர்கள் மறித்து, பூட்ஸ் நாடாக்களை உருவி வாங்கிக்கொண்ட சம்பவங்கள் செய்தித்தாள்களில் வந்தன. காலணியைப் பறிக்கவில்லை; நாடாவை மட்டும் எடுத்தார்கள். நாடா இல்லாத பூட்ஸில் ஓட முடியாது, உதைத்தால் பூட்ஸ்தான் பறக்கும். நாடாவின் வேலை என்ன என்பதைக் காம்பரைவிடச் சுருக்கமாக விளக்கியவர்கள் அந்தக் காவலர்களே.

இலக்கிய வாசகர்களுக்கு இந்நேரம் நினைவுக்கு வந்திருக்கும் பூட்ஸ் வேறொன்று. வான்கோ 1886இல் பாரிசில் வரைந்த, நாடா தளர்ந்து கிடக்கும் தேய்ந்த ஜோடி. ஹைடெகர் அதில் ஓர் உழவுப் பெண்ணின் உழைப்பையும் மண்ணையும் கண்டார். மேயர் ஷபிரோ 1968இல் மறுத்து, அவை நகரவாசியான ஓவியரின் சொந்தக் காலணிகள் என்றார். தெரிதா 1978இல் வெளியான நூலில் இருவரையும் மறித்து, அவை ஒரு ஜோடிதான் என்பதற்கு என்ன சான்று என்று கேட்டு, நாடாவைக் கோப்பதுபோல் வாதத்தைக் கோத்துக்கொண்டே போனார். ஓவியருடன் பயின்ற ஒருவரின் நினைவுக்குறிப்புப்படி, வான்கோ அவற்றைப் பழஞ்சாமான் சந்தையில் வாங்கி, மழைச்சேற்றில் நடந்து அழுக்காக்கியபின் வரைந்தார். மூன்று அறிஞர்களும் உரிமையாளர் யார் என்று வழக்காடினார்கள். அந்தக் காலுக்கு அது பொருந்தியதா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாம் அதைக் கேட்போம். 'போடப் போடச் சரியாகிவிடும்' என்பதில் பாதி உண்மை உண்டு. தோல் இளகும், கணுக்காலின் மடிப்பில் உள்ள விறைப்பு சில வாரங்களில் அடங்கும், உட்தோலில் பாதத்தின் சுவடு பதியும். ஆனால் கட்டை கொடுத்த வடிவம் இளகாது. விரல்களை நெருக்கும் முன்பகுதியும், தவறான இடத்தில் மடியும் அடியும் எத்தனை மாதமானாலும் திருந்துவதில்லை. சிரக்கியூஸ் நகரத்து சார்லஸ் பிரான்னக் 1920களில் அமைத்த அளவுகருவி, குதியிலிருந்து விரல்நுனி வரையுள்ள நீளத்தோடு நிற்காமல், குதியிலிருந்து பெருவிரலின் அடிமூட்டு வரையுள்ள நீளத்தையும் பாதத்தின் அகலத்தையும் தனித்தனியே அளப்பது இதனால்தான். பாதம் மடியும் இடத்தில் பூட்ஸும் மடியவேண்டும். கடையில் நாலடி நடந்து, மடிப்பு எங்கே விழுகிறது என்று குனிந்து பார்த்தால் போதும். பெருவிரலுக்கு முன்னால் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அமுக்கிப் பார்ப்பதைவிட இது பெரிய சோதனை.

நம்மவருக்கு அகலம் தனிச்சிக்கல். மணிப்பால் மருத்துவர்கள் ராவும் ஜோசஃபும் 2300 சிறுவர்களை ஆராய்ந்து 1992இல் வெளியிட்ட கட்டுரையில், காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 விழுக்காட்டினருக்கும், வெறுங்காலில் வளர்ந்தவர்களில் 2.8 விழுக்காட்டினருக்கும் தட்டைப்பாதம் இருந்ததாகக் கண்டார்கள். முன்மூடிய காலணி அணிந்தவர்களிடம் அது கூடுதல். காலணி பாதத்தைச் செதுக்குகிறது என்பதே பொருள். செருப்பிலும் வெறுங்காலிலும் விரல்கள் விரிந்து வளர்ந்த ஒருவர், குறுகிய கட்டையில் செய்த பூட்ஸுக்குள் முப்பது வயதில் நுழைந்தால் இடநெருக்கடி இயல்பு. அதற்காக ஓர் எண் பெரிதாக வாங்குபவர்கள் நீளத்தை வாங்கி வருகிறார்கள். அகலம் சிறிதளவே கூடுகிறது, மடிப்பு இடம் தவறுகிறது, குதி வழுக்குகிறது. வேறு கட்டையில் செய்த பூட்ஸைத் தேடுவதுதான் வழி. நம் ஊர்க் கடைகளில் அகலத்துக்கு எண் சொல்லி விற்பது அரிது என்பதால், விரல்முனை உருண்டு அகன்ற வடிவங்களைக் கண்ணாலேயே தேர வேண்டியிருக்கிறது. வீட்டில் ஒரு தாளின்மேல் எழுந்து நின்று, எடையை ஊன்றிய பாதத்தைச் சுற்றிக் கோடு வரைந்து கொண்டுபோய்ப் பூட்ஸின் அடியோடு வைத்துப் பார்க்கலாம். கடைக்காரர் சிரிப்பார், மன்சன் சிரித்திருக்கமாட்டார்.

போய்ப் பார்க்கும் நேரம் மாலையாக இருக்கட்டும், அணியப்போகும் காலுறையோடு. நாடாவைக் கட்டியபின் இரு மடல்களுக்கும் நடுவே சற்று இடைவெளி தெரிய வேண்டும். மடல்கள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால், தோல் இளகியபின் மேலும் இறுக்க இடமிராது. இடைவெளி மேலே விரிந்து கோணலாக நின்றால் மேற்பாதத்துக்கு அது சிறிது. முதலில் குதி மிகச் சிறிதளவு எழுவதைப் பொறுத்துக்கொள்ளலாம். விரல் நெரிவதைப் பொறுக்கக் கூடாது. மேற்பாதம் நோகும் இடத்தில் மட்டும் நாடாவைக் குறுக்கே போடாமல், அந்த ஒரு துளையை நேராகக் கடந்து மேலே போகலாம். கணுக்கால் வளையும் இடத்தில் இருமுறை சுற்றி இறுக்கிவிட்டு, அதற்கு மேலுள்ள துளைகளைத் தளர்வாக விட்டால் குதி நிற்கும், கெண்டைக்கால் மூச்சுவிடும்.

ஜீன்ஸின் பக்கமும் இரண்டொரு செய்தி உண்டு. அவுரி நீலம் நூலின் மேற்பரப்பில் மட்டுமே படிவது, நடுவே வெள்ளை அப்படியே இருக்கும். ஜீன்ஸ் வெளுப்பதும், உரசும் பொருளுக்கெல்லாம் நீலத்தைக் கொடுப்பதும் அதனால்தான். துவைக்காத புது ஜீன்ஸுக்கு மணல்நிறப் பூட்ஸ் வாங்கினால் கணுக்காலைச் சுற்றி நீலவளையம் உறுதி. பழுப்போ கருஞ்சிவப்போ அதைப் பொருட்படுத்தாது. துவைத்தால் சுருங்கும் பழைய துணியில் 501 வாங்கியவர்கள் நீளத்தை மிகுதியாக வாங்கி மடித்துவிட்டுக்கொண்டதில்தான் விளிம்பை மடிக்கும் வழக்கமும் வலுத்தது. ஆறங்குல உயரப் பூட்ஸுக்கு நேர்க்கால் வெட்டு ஜீன்ஸ் இடர் தராது. விளிம்பு பூட்ஸைத் தாண்டி இறங்கும் அளவுக்கு வாய் அகன்றிருக்கும். குறுகிய வெட்டு என்றால் மேல்முடிச்சின்மேல் துணி ஏறி நின்று, நடக்கும்போதெல்லாம் உரசி அவிழ்த்துவிடும். அப்போது விளிம்பை ஒரு மடி உயர்த்தி முடிச்சுக்குச் சற்று மேலே நிறுத்திவிட்டு, மெழுகு பூசிய பருத்தி நாடாவாக மாற்றிக்கொள்ளலாம். வழுவழுப்பான செயற்கையிழை நாடாவைவிட அது முடிச்சைப் பிடித்து நிற்கும்.